நாலாம் நம்பர் கதவு

பெரியநாயக்கன்பாளையம்
12.7.1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

மணி ஒன்றரை. இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னியுங்கள். பாப்பா சாய்ப்ரியா இப்போதுதான் கண் அசந்தாள். பகலில் எழுதினால் இவர் எட்டிப் பார்ப்பார்.

நீங்கள் இரவல் தந்த லேத் மெஷின் இரண்டும் நாளை லாரியில் பல்லடம் வந்துவிடும். பேங்க் அதிகாரி இன்று வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பட்டறைக்கென்று என் பெயரில் வாங்கிய தொழில் கடனில் இவர் கட்டியது வாடகைக்கு விட வரிசையாகப் பன்னிரண்டு கதவு லைன் வீடு என்பது உங்களுக்குத் தெரியும். அதை ஒருநாள் பட்டறையாக்கிய கதை தெரியாதே.

விடியுமுன் குடியிருப்பவர்களை வேனில் ஏற்றிப் பழனிக்கு அனுப்பினார். "நம்ம செலவுல சாமி பாத்துட்டு வரட்டும், நமக்கும் புண்ணியந்தானுங்க" என்று டிரைவரிடம் சிரித்தார். பெண்கள் நேற்றுப் போட்ட கோலங்களை நான்தான் விளக்குமாற்றால் தேய்த்து அழித்தேன். முன்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் லேத்துகள். மேலே போர்டு: 'சாய்ப்ரியா இன்ஜினியரிங், உரிமையாளர் கோமளா பி.எஸ்ஸி.' படித்த படிப்புக்கு இது ஒன்றுதான் குறைச்சல்.

நாலாம் நம்பரில் செவ்வந்தி, பிரசவமாகி ஒன்பது நாள். அவளை வேனில் ஏற்ற முடியாது. உள்ளே விட்டு வெளியே பூட்டினார். "கொளந்தய அள உட்றாத அம்மணி, ஒரு மணி நேரந்தான்" என்று அவளிடம் சொன்னார். பூட்டிய கதவெல்லாம் ஸ்டோர் ரூம் என்று கணக்கு.

அதிகாரி காபி டம்ளரை வாங்கும்போது நாலாம் நம்பருக்குள் செவ்வந்தியின் குழந்தை அழுதது. அவர் திரும்பினார். இடுப்பில் சாய்ப்ரியாவோடு நின்ற என் காதருகே இவர், "பாப்பாவக் கிள்ளு" என்றார்.

கிள்ளினேன் அண்ணா. அவள் வீறிட்டாள். "பாப்பாவுக்குப் பசிங்க சார்" என்று இவர் சிரித்தார், அதிகாரியும் சிரித்தார். தொடை இன்னும் சிவந்திருக்கிறது. இரவு அந்த விரல்களால் சோறு பிசைய முடியாமல் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன்.

இரண்டாவது லைன் கட்ட அடுத்த கடனுக்கு மனு எழுதியாகிவிட்டது. மறுபடி லேத் கேட்பார். இல்லையென்று சொல்லிவிடுங்கள்.

அன்புத் தங்கை,
கோமளா

பல்லடம்
18.7.1996

அன்புத் தங்கை கோமளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பாப்பாவுக்குத் தேங்காயெண்ணெய் தடவு, சரியாகிவிடும். வாடகைக்கு வீடு கட்டுகிறேன் என்றால் எந்த பேங்க்காரன் கடன் தருவான்? பட்டறை என்றால்தான் தருகிறான். மாப்பிள்ளை ஒரு தவணைகூடத் தவறவிட்டதில்லை. நீ படித்தவள், ஒன்றைப் பத்தாக நினைத்துக்கொள்கிறாய்.

புது லைனில் மூன்று கதவு எனக்கு என்று மாப்பிள்ளை வாக்குக் கொடுத்திருக்கிறார். பையன் யஷ்வந்த் படிப்புக்கு ஆகும். இருபத்தெட்டாம் தேதி லேத் அனுப்புகிறேன். மனுவில் கையெழுத்தைப் போட்டுவிடு அம்மணி.

உன் அண்ணன்,
கண்ணையா

பெரியநாயக்கன்பாளையம்
22.7.1996

அண்ணா,

இன்றும் நடுராத்திரிதான். தேங்காயெண்ணெய் தடவினேன், சிவப்புப் போய்விட்டது.

செவ்வந்தி நேற்று வீட்டைக் காலி செய்தாள். வெள்ளையடிக்க என்று சொல்லி அவள் அட்வான்ஸில் பாதியை இவர் பிடித்துக்கொண்டார். போகும்போது அவள் என்னிடம், "அன்னிக்கு உங்க பாப்பா ஏனுங்க அப்பிடி அளுதுச்சு? காச்சலுங்களா? கேக்கவே பொறுக்கலீங்க" என்றாள். பூட்டின கதவுக்குள் உட்கார்ந்துகொண்டு அவள் என் குழந்தைக்காகக் கவலைப்பட்டிருக்கிறாள். காய்ச்சல்தான் என்றேன். அதற்கும் பொய்.

உங்கள் மூன்று கதவைப் பற்றி இவர் என்னிடம் மூச்சுவிடவில்லை. பங்கு வாங்குகிறவரிடமே போய் முறையிட்டிருக்கிறேன். அதை நினைத்தால் சீ என்றிருக்கிறது.

மனுவில் கையெழுத்துப் போடவில்லை, போடப்போவதும் இல்லை. அன்று இவர் பூட்டிய பன்னிரண்டு பூட்டின் சாவியும் இப்போது என்னிடம். இருபத்தெட்டாம் தேதி லேத் வந்து இறங்கினால், மறுநாள் பார்வையிட வரும் அதிகாரி முன்னால் எல்லாக் கதவையும் நானே திறந்துவிடுவேன். கடன் என் பெயரில். வருவதும் என் தலையில்தான் வரும், தெரியும். அதன்பிறகு எனக்கு இந்த வீட்டில் இடமிருக்காது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும்.

லேத் இங்கே வருமா? நான் அங்கே வரலாமா? இரண்டுக்கும் சீக்கிரம் பதில் போடுங்கள்.

கோமளா