கண்ணை மறைக்காத படம்

என் ஆசை லூர்து அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நினைவு நாளுக்குப் போஸ்டர் அடிக்கலாம் என்று தேடினால், வீட்டில் உன் படம் ஒன்றுகூட இல்லை. யாராவது செல்போனைத் தூக்கினாலே முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுகிறவள் ஆயிற்றே நீ! கடைசியில் உன் ஆதார் கார்டைத்தான் ஸ்டுடியோவில் கொடுத்தேன்.

ஸ்டுடியோக்காரர் நல்லது செய்வதாக நினைத்து, உன் முகத்துக் கட்டிகள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் வழித்தெடுத்துவிட்டார். நானும் சரி என்று வாங்கிக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோஷம்தான். சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஒட்டினோம். வருஷக்கணக்காக உனக்குப் பூ கொடுத்த பூக்கார அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடமே கேட்டது: "யாருங்க இந்தப் பொண்ணு? சின்ன வயசா கீது, பாவம்." எங்கள் தெரு ஆள் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் அக்கா?

போன வாரம் சேற்றுப்புண்ணுக்கு மருந்து வாங்க, நீ போய்வந்த அதே தோல் டாக்டரம்மாவிடம் போனேன். பேச்சுவாக்கில் உன் பேர் வந்தது. உள்ளே போய் ஒரு படத்தை எடுத்து வந்தார். டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைகளுக்குக் காட்ட, உன்னைக் கேட்டு எடுத்ததாம். கட்டி எல்லாம் அப்படியே இருக்க, நீ நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்.

நோயாளியின் கண்ணைக் கறுப்புப் பட்டையால் மறைப்பது அவர்கள் வழக்கமாம். நீதான் வேண்டாம் என்றாயாம். "பட்டை ஒட்டிடாதீங்கம்மா. பாத்தா நான்னு தெரியணும்" என்றாயாம்.

யாருக்குத் தெரியணும்? எங்களிடம் மறைத்த முகத்தை முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு எப்படிக் காட்டினாய்? படம் எடுக்கலாமா என்று நாங்கள் ஒரு தடவையாவது உன்னைக் கேட்டோமா? யோசிக்க யோசிக்கக் குழப்பம்தான் மிஞ்சுகிறது.

டாக்டரம்மா கொடுத்த பிரதியை என் மகள், உன் மருமகள் ஸ்டெல்லா கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டிவிட்டாள். இந்த ஞாயிறு அவளைப் பெண் பார்க்கக் கச்சிராயபாளையத்திலிருந்து வருகிறார்கள். நல்ல இடம். படத்தைப் பார்த்தால் குடும்பத்து வியாதி என்று எழுந்து போய்விடுவார்களோ என்று எனக்குப் பயம். ஒரு நாளைக்கு மட்டும் கழற்றி வைக்கலாம் என்றேன். அவள் குரலை உயர்த்தவில்லை.

"தெரிஞ்சிக்கினே வரட்டும்பா. அத்தைய ஒளிச்சி வெச்சிட்டு எனக்கு இன்னா கல்யாணம்?"

மகள் சொல்வது சரியா, என் பயம் சரியா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?

ஆனாலும் சொல்கிறேன் அக்கா, படத்தைக் கழற்ற மாட்டேன். அதற்கு நேர் கீழேதான் நாற்காலி போட்டு உட்காருவேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு. படத்தில் இருப்பது யார் என்று யாரும் கேட்கவே வேண்டியிருக்காது.

உன் கூடப் பிறந்தவன்,
சேவியர்