நாற்பது பெட்டிக்கு ஒரே விலாசம்

அடியே,

போன வாரம் உன் அக்கா மர்பி டவுனிலிருந்து என்னைத் தேடி வந்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தார். “உன் பேரு ஒட்டியிருக்கு, உன்னுதாத்தான் இருக்கும்னு எடுத்துனு வந்தேன்” என்றார். என் பேர்தான், என் கையெழுத்துதான். அந்தக் காலத்தில் தண்ணீர் பாட்டில், குடை, ஸ்டேப்ளர் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் பேர் எழுதி ஒட்டிவைப்பேன். ஒட்டிய எதுவும் என்னிடம் தங்கியதில்லை. எல்லாம் உன் பைக்குள் போய்விடும்.

செருகிப் பார்த்தேன். உள்ளே ஒரே ஒரு கோப்பு. ‘எல்லாம்’ என்று ஆங்கில எழுத்தில் நீ வைத்த பேர். சிரிப்பு வந்தது, திறக்காமல் பிடுங்கி வைத்துவிட்டேன். நீ போய்ச்சேர்ந்து எட்டு மாதமாகிறது. அதைத் திறக்க முடியாத காரணத்தை உன்னிடம் சொல்லாமலே விட்டுவிட்டேன்.

பெங்களூரை அடுத்த ஹெப்பகோடியில் நாம் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஆஸ்பத்திரி பில்களைக் கணினியில் ஏற்றும் கம்பெனி, கணினிகளைப் பார்த்துக்கொள்வது நம் வேலை. முதல் மாதமே உன் குணம் தெரிந்துவிட்டது. லீவு லெட்டர் எழுதச் சோம்பல்பட்டு, என் தம்பி நிச்சயதார்த்தத்துக்கு நான் எழுதிய லெட்டரை அப்படியே காப்பி அடித்தாய். உனக்குத் தம்பியே கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, கீழே என் பேரையும் சேர்த்து அடித்திருந்தாய். மேனேஜர் எனக்கு இரண்டு நாள் லீவு கொடுத்துவிட்டு உனக்கு ஆப்சென்ட் போட்டார். “ஒண்ணுல பண்ணி எல்லாத்துலயும் ஊத்திடணும்டி, அதான் புத்திசாலித்தனம்” என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டுதான் இருந்தாய்.

ஆறு மாதக் கான்ட்ராக்ட் முடிகிற சமயத்தில் மேனேஜர் நம்மைக் கூப்பிட்டு, இருவரில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்க முடியும் என்றார். வெளியே வந்ததும் நீ, “ஆளுக்கு அரை நாள் வரலாமான்னு கேளுடி” என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் ஊரில், தங்க வயலில், சுரங்கம் மூடியதிலிருந்து அப்பா வீட்டோடு இருந்தார். நான் விடியுமுன் ரயில் ஏறி, பெங்களூர் வரை நின்றபடி வந்து, அதற்கு மேல் இரண்டு பஸ் மாறுவேன். நிரந்தரமானால் கம்பெனி ஹாஸ்டலில் ஒரு கட்டில் கிடைக்கும். அந்தக் கட்டில் என் கனவில் வந்திருக்கிறது, மெத்தை உறையின் பூப்போட்ட டிசைனோடு.

அப்போதுதான் அந்த நாற்பது தின் கிளையன்ட் வந்து இறங்கின. சோற்று டப்பா அளவு பெட்டிகள். சொந்தமாக மூளை கிடையாது, சர்வரோடு பேசினால்தான் உயிர். ஒவ்வொன்றுக்குள்ளும் போய் எங்கிருந்து எழ வேண்டும், மணி என்ன, பாஸ்வேர்டு என்ன என்று சொல்லித்தர வேண்டும். திங்கட்கிழமை வெளிநாட்டுக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். கையால் செய்தால் பெட்டிக்கு அரை மணி நேரம். நீ முதல் பெட்டியில் எல்லாவற்றையும் அமைத்து, என் பேர் ஒட்டிய பென்டிரைவில் இறக்கி, மற்றதில் ஊற்றிவிடலாம் என்றாய்.

ஞாயிற்றுக்கிழமை காலை முதல் பெட்டியை என் பக்கம் திருப்பினாய். “ஒரு தடவ செக் பண்ணுடி. நீதான் கண்ணாடி போட்டவ.”

பார்த்தேன். கடைசி வரியில், சோதனைக்காகப் போட்ட நெட்வொர்க் விலாசத்தை எடுக்காமல் விட்டிருந்தாய். அதை அப்படியே ஊற்றினால் நாற்பது பெட்டிக்கும் ஒரே விலாசம். உங்கள் காம்பவுண்டில் ஐந்து வீட்டுக்கும் ஒரே கதவு எண், உன் அக்காவின் கல்யாணப் பத்திரிகை பக்கத்து வீட்டுக்கே ஐந்து வந்தது என்று நீதான் கதை கதையாகச் சொல்வாய்.

“சரியா இருக்கா?” என்றாய்.

“சரியாத்தான் இருக்கு” என்றேன்.

சர்வர் அறை திங்கட்கிழமைதான் திறக்கும், அதுவரை யாருக்கும் தெரியப்போவதில்லை. நான் ஏழு மணிக்கே வந்து, அப்போதுதான் கண்டுபிடித்தவள் போல நெற்றியைச் சுருக்கி, மேனேஜர் கண்ணெதிரில் திருத்திக் காட்டுவதாகத் திட்டம். நெற்றியை எப்படிச் சுருக்குவது என்று வீட்டுக் கண்ணாடியில் பார்த்துக்கூட வைத்தேன்.

என் கெட்ட நேரம், அன்றைக்கென்று ரயில் ஒயிட்ஃபீல்டுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நின்றது. ஒன்பதரைக்கு நான் வேர்த்து விறுவிறுத்து நுழைந்தபோது ஹாலே சந்தைக்கடையாக இருந்தது. பில் ஏற்றும் பெண்களில் ஒருத்தி கணினிக்குள் போனால் இன்னொருத்தி வெளியே விழுகிறாள். “ஏய், யாருடி என்னைத் தள்ளுனது?” “நானில்ல, அவதான்!” ஜன்னலோரத்தில் இரண்டு பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் வெளிநாட்டுக்காரர்களின் கார் வந்து நின்றது.

உனக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. “அய்யோ, எங்க காம்பவுண்டு மாதிரி ஆயிடுச்சிடி!” என்றாய். மறு நொடியே எல்லோரையும் பெட்டியை அணைக்கச் சொன்னாய். “நான் துப்பட்டாவை எந்தத் தோள்ல போடறேனோ, அந்தப் பக்கத்துக்காரி மட்டும் ஆன் பண்ணு. மத்தவங்க கம்னு டைப் அடிங்க.” என்னிடம், “நீ கடைசி வரிசையிலருந்து அந்த ஒரு வரிய மட்டும் கையால மாத்திட்டு வா” என்றாய்.

அதுபோல் ஒரு நாடகத்தை நான் பார்த்ததில்லை. முப்பத்தொன்பது பெண்கள் இருண்ட திரையைப் பார்த்து மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள். நீ துப்பட்டாவை மாற்றி மாற்றிப் போட்டபடி விருந்தாளிகளை ஒவ்வொருத்தியாக அழைத்துப்போனாய். பெட்டி எழுந்து வர ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்துக்கும் அவள் பேர், ஊர், கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று ஆங்கிலத்தில் அளந்தாய். நீலசந்திராக்காரி ஒருத்திக்கு ஏழு அண்ணன்மாரைக் கொடுத்தாய். அவளுக்கு ஒருவன்தான். விருந்தாளிகள் குறித்துக்கொண்டார்கள். பிறகு கேன்டீனில் வடையைக் காட்டி முக்கால் மணி நேரம் உட்காரவைத்தாய். நான் முட்டி தேய மேஜைக்கடியில் தவழ்ந்து பெட்டி பெட்டியாக மாற்றினேன். ஊழியர்களின் மனம் சிதறாத அமைதி பிரமாதம் என்று சொல்லிவிட்டு அவர்கள் கிளம்பினார்கள்.

மேனேஜர் மட்டும் ஏமாறவில்லை. நம்மை அறைக்குள் நிறுத்தி, பாதிக் கன்னடத்தில், “யாரு மாடித்து இது? சொல்லி” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ, “நான்தான் சார். இவளுக்கு ஒண்ணும் தெரியாது, இவ பக்கத்துலயே இல்ல” என்றாய்.

வெளியே வந்து என் காதில் கிசுகிசுத்தாய்: “நீ செக் பண்ணது அந்தாளுக்குத் தெரியாது. கம்னு இரு. தெரிஞ்சா ரெண்டு பேருமே வெளிய.”

எனக்குக் கட்டில் கிடைத்தது. மெத்தை உறையில் பூ இல்லை, கோடு. உனக்கு இரண்டே மாதத்தில் எலெக்ட்ரானிக் சிட்டியில் என்னைவிட ஒன்றரை மடங்கு சம்பளத்தில் வேலை கிடைத்தது. எனக்கு முன்னால் ஸ்கூட்டி வாங்கினாய். கல்யாணம், காதுகுத்து என்று எங்கே நாலு பேரைக் கண்டாலும் இந்தக் கதையைத் துப்பட்டாவோடு நடித்துக் காட்டுவாய். “நான் ஒரு லூசு, கடைசி வரியைப் பாக்கல” என்று முடிப்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நானும் சிரிப்பேன். எத்தனை விசேஷம்! ஒன்றிலாவது சொல்லியிருக்கலாம். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் நர்ஸுக்கு அதைத்தான் நடித்துக் காட்டினாய். அன்றைக்கும் நான் சிரித்தேன்.

இப்போது என் கீழ் ஒன்பது பேர். எதைக் காப்பி செய்வதானாலும் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு வரியையும் சத்தமாகப் படித்துக் காட்டுவேன். மேடம் மந்திரம் ஓதுகிறாள் என்று கிண்டல் செய்கிறார்கள். கடைசி வரியை மட்டும் இரண்டு தடவை படிப்பேன்.

பென்டிரைவில் இருந்த என் பேரை இன்று உரித்துவிட்டு உன் பேரை எழுதி ஒட்டினேன். இனி யாரிடமாவது அந்தக் கதையை நான் சொன்னால் முடிவை மாற்றித்தான் சொல்வேன். உன்னிடம்தான் முதலில்.

நான் பார்த்தேன்டி. அந்தக் கடைசி வரியைப் பார்த்தேன்.