பதினான்கு மாதம் வைத்திருந்த திருத்தம்

அன்புள்ள பெரியவனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகமாகத்தான் இருக்கிறோம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்தாயிற்று. முதல் வேலையாக என்னைப் பார்த்து, "இவ்வளவு நரையா உனக்கு, தெரிஞ்சிருந்தா ஆபரேஷனே பண்ணியிருக்க மாட்டேன்" என்றார். சின்னவள் புது வேலையில் சேர்ந்துவிட்டாள், அவள் மேலதிகாரி தும்மினால்கூட மீட்டிங் போடுகிறாராம். உன் சுகத்தை மட்டும் வழக்கம்போலக் கேட்டு எழுதக் கை வரவில்லை. நீ சுகமாக இல்லை, அதற்குக் காரணம் நான். போனில் சொன்னால் முடிப்பதற்குள் "பரவால்லம்மா, விடு" என்பாய். அந்த வார்த்தையைக் கேட்டுத் தப்பித்துக்கொள்ளக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை நம் கம்பெனியில் தாடி, அதான் நம் மூத்த புரோகிராமர், நீ வெளியிட்ட அறிவிப்பை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். நீயும், நீ நேரில் முகம் பார்த்திராத ஆறு பேரும் சேர்ந்து சின்ன ஆஸ்பத்திரிகளுக்காக இலவசமாக எழுதி வரும் நோயாளிப் பதிவேட்டுப் புரோகிராமின் பொறுப்பிலிருந்து விலகுவதாக அதில் இருந்தது. ஒரு நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று நர்ஸ் பதிந்த வரி போன மாதம் ஓர் ஆஸ்பத்திரியில் காணாமல் போய், அந்த மருந்தையே கொடுத்துவிட, அந்த மனிதர் மூன்று நாள் ஆபத்தில் கிடந்து பிழைத்தார்; ஏழு மாதம் தேடியும் அந்தப் பிழையைக் கண்டுபிடிக்க முடியாத எனக்கு இந்தப் பொறுப்புக்குத் தகுதியில்லை என்று எழுதியிருந்தாய். வாசித்து முடித்த தாடி என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தப் பிழை எங்கே இருக்கிறதென்று எனக்குத் தெரியும். பதினான்கு மாதமாகத் தெரியும். உங்கள் புரோகிராமைத்தானே நாம் ஆஸ்பத்திரிகளில் போட்டுக் கொடுத்துப் பராமரித்துப் பிழைக்கிறோம். போன வருடம் ஓர் இடத்தில் டாக்டரும் நர்ஸும் ஒரே நோயாளியின் பக்கத்தை ஒரே நொடியில் சேமித்தபோது நர்ஸ் எழுதியது சத்தமில்லாமல் அழிந்தது. தாடி மூன்று நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தார். பதினோரு வரித் திருத்தம். "மேடம், தம்பி குழுவுக்கு இன்னிக்கே அனுப்பிடலாம், ரெண்டு நிமிஷ வேலை" என்றார். உன் மாமா குறுக்கே விழுந்தான். "அக்கா, நாம என்ன தர்ம சத்திரமா நடத்துறோம்? மத்த கம்பெனிக்காரனும் இதே புரோகிராமைத்தான் போட்டுக் கொடுக்குறான். நம்மகிட்ட மட்டும் எதுவும் அழியாதுன்னு சொல்லி ஆர்டர் பிடிப்போம், அப்புறம் கொடுத்துக்கலாம்" என்றான். அவன் மேல் பழி போடாதே, அவன் சொன்னான், அவ்வளவுதான். சரி என்றது நான். நான்கு ஆஸ்பத்திரிகள் புதிதாக வந்தன. அந்த 'அப்புறம்' வரவே இல்லை. ஊரே சேர்ந்து வெட்டிய கிணற்றில் தண்ணீர் மொண்டுகொண்டு, இடிந்த கரையை என் பக்கம் மட்டும் கட்டிக்கொண்டேன்.

இதைவிட என்னை அரிப்பது ஒன்று உண்டு. மூன்று மாதம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போனில், "வரி காணாமப் போகுதுன்னு மட்டும்தான் சொல்றாங்கம்மா, எப்போ எப்படின்னு யாருக்கும் தெரியல. ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்துட்டேன், என் கம்ப்யூட்டர்ல ஒரு தடவைகூட அழிய மாட்டேங்குது, எனக்குத்தான் மூளை மழுங்கிடுச்சு போல" என்றாய். ஒரே கம்ப்யூட்டரில் நீ தனியாகத் தேடினால் அது அகப்படாது என்று அந்த நொடியே எனக்குப் புரிந்தது. வாய் வரை வந்தது. "நேரத்துக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்காதே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு இரண்டு மாதம் கழித்துத்தான் அந்த மனிதருக்கு அப்படி ஆயிற்று. அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது.

இன்று காலை திருத்தத்தை உங்கள் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். கண்டுபிடித்தவர் தாடி, அனுப்பவிடாமல் வைத்திருந்தது நான் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். தாடி திருத்தத்தை எழுதிய தேதியும் அதில் பதிந்தே இருக்கும். "தேதியை மட்டுமாவது மாத்துக்கா, நேத்துதான் கண்டுபிடிச்ச மாதிரி இருக்கட்டும், இதைப் பார்த்தா நம்மள எவன் நம்புவான்" என்று மாமா கையைப் பிடித்தான். மாற்றவில்லை. அந்த ஆஸ்பத்திரிக்கும் தனியாக எழுதிவிட்டேன். ஆர்டர் போனால் போகட்டும் என்று வீரம் பேச எனக்கு வரவில்லை, ஒன்பது பேர் பிழைப்பு இதில் இருக்கிறது, பயமாகத்தான் இருக்கிறது. பொறுப்புக்குத் திரும்புவதும் திரும்பாததும் உன் இஷ்டம், அதைக் கேட்கும் இடத்தில் நான் இல்லை. தகுதியில்லை என்று உன்னைப் பற்றி எழுதினாயே, அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிடு.

மனக்குறை தீர்ந்து, தொட்ட வேலை துலங்கி, நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும். கோபம் ஆறும்வரை என்னோடு பேசாவிட்டாலும் அப்பாவுக்கும் சின்னவளுக்கும் ஒரு போன் போடு, அவர்களுக்கும் இன்றுதான் சொன்னேன். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. திருத்தத்தைச் சேர்க்கும் முன் இரண்டு கம்ப்யூட்டரில் நீயே ஓட்டிச் சோதித்துப் பார். அம்மா அனுப்பியதுதானே என்று அப்படியே நம்பிவிடாதே.

இப்படிக்கு,
அம்மா