என் கணவர் ஒருவரே

அனுப்புநர்
திருமதி எஃபுவா பென்ட்சில்,
மோட்டார் பட்டறை வீடு,
அன்க்வாம் கரை, கானா.

பெறுநர்
மண்டலக் குடிவரவு அலுவலர் அவர்கள்.

பொருள்: பின்லாந்து நாட்டவரான என் கணவர் திரு. ஈரோ லாத்தெலாவின் வசிப்பு அனுமதியைப் புதுப்பிக்கக் கோருதல், நான் முன்பு தந்த படிவத்தைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் கணவர் பத்து ஆண்டுகளாக எங்கள் கரையில் படகு மோட்டார்களைப் பழுது பார்த்து வருகிறார். அவருடைய அனுமதி இம்மாதம் 30-ஆம் தேதியோடு முடிகிறது. அதற்குள் புதுப்பிக்காவிட்டால் அவர் நாட்டை விட்டுப் போக வேண்டும். எங்களுக்கு எசி என்ற ஏழு வயது மகளும் கோஜோ என்ற மூன்று வயது மகனும் உள்ளனர்.

2. கடந்த 27.8.2024 செவ்வாயன்று, மீன்பிடிக்கப் போகாத, கடலுக்கு ஓய்வு நாள் என்பதால் பட்டறையை மூடிவிட்டு இருவரும் தங்கள் அலுவலகம் வந்தோம். முகப்பில் இருந்த எழுத்தர் எங்கள் தாள்களைப் பரப்பி வைத்துப் பார்த்தார். பாஸ்போர்ட்டில் ஈரோ. எசியின் பிறப்புச் சான்றில் தந்தை பெயர் குவெக்கு. கோஜோவின் சான்றில் யாவ். "வெள்ளைக்காரப் பேரோட பொறந்த கிழமைப் பேர் ஒண்ணு இருந்தா சரிம்மா. புதன்ல பொறந்தவரு மறுபடியும் வியாழன்ல எப்படிப் பொறப்பாரு? குவெக்கு ஒருத்தரு, யாவ் ஒருத்தரு. இதுல உங்க வீட்டுக்காரர் எவரு?" என்று கேட்டார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

3. நடந்தது இதுதான். எங்கள் திருமணத்தின்போது என் தாய்மாமன் எபோ, மாப்பிள்ளை எந்தக் கிழமை பிறந்தார் என்று கேட்டார். பிறந்த கிழமை தெரியாத ஆளை நான் அதுவரை கண்டதில்லை. இவருக்குத் தெரியவில்லை. அம்மா புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனதாகக் கேள்வி என்றார். உடனே புதனுக்குரிய குவெக்கு ஆனார். எசி பிறந்தபோது பதிவு செய்யப் போன மாமா, ஊர் கூப்பிடும் பெயரையே எழுதி வைத்தார். பிறகு என் மாமியார் தொலைபேசியில், தன் பிள்ளை பிறந்தது வியாழன் காலை என்றார். தவறான கிழமையை ஒரு மனிதர் சுமக்கக் கூடாதென்று மாமா மறுபடி உறவினரைக் கூட்டி, என் கணவர் நாவில் தண்ணீரும் மதுவும் ஒவ்வொரு சொட்டு வைத்து, வியாழனுக்குரிய யாவ் என்று பெயர் மாற்றினார். கோஜோ அதன் பிறகு பிறந்தவன்.

4. அன்று எங்களை மதியம்வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மின்விசிறிச் சத்தத்தில் என் கண் சொருகியது. கனவில் கடலில் இருந்து மூன்று பேர் நனையாமல் நடந்து வந்தார்கள். மூவர் கையிலும் ஒரே கிரீஸ் கறை. நான் மூன்று தட்டில் கெங்கே என்ற சோள உருண்டையும் பொரித்த மீனும் வைத்தேன். ஒருவர் என் கணவரைப் போலவே மிளகாயைத் தள்ளி வைத்தார், மற்ற இருவரும் அப்படியே தள்ளி வைத்தார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. பின் அவர்களில் யாரோ எழுந்து தண்ணீர்மேல் திரும்பி நடந்தார். எவர் என்று தெரியவில்லை. மனுவில் எழுதத் தக்க செய்தி இதுவல்ல என்று அறிவேன். ஆயினும் அன்றிலிருந்து அந்த அலை என் காதில் ஓயவில்லை.

5. எழுத்தர் இரக்கப்பட்டே யோசனை சொன்னார். "பிள்ளைங்களால தாம்மா சிக்கல். குழந்தைங்க இல்லைன்னு எழுதிக் குடுங்க, கல்யாணச் சான்று ஒண்ணே போதும், ரெண்டே நாள்ல முடிஞ்சிடும்" என்றார். நானும் அரைத் தூக்கத்தில் நடப்பவள்போல 'இல்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். அப்போது வெளியே போயிருந்த என் கணவருக்கு இதைச் சொல்லவில்லை.

6. அந்தப் படிவத்தின் நகலை எசி வீட்டில் எழுத்துக் கூட்டிப் படித்தாள். இப்போதுதான் படிக்கக் கற்றிருக்கிறாள். கையில் கிடைத்ததையெல்லாம் படிக்கிறாள். "குழந்தைகள், இல்லை" என்று இரண்டு முறை படித்தாள். அழவில்லை. "அப்ப நாங்க யாரும்மா?" என்று மட்டும் கேட்டாள். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் போய்ப் பிள்ளைகள் இருவரையும் மடியில் வைத்துக்கொண்டார்.

7. ஆகவே அப்படிவத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதில் எழுதியது பொய். அதற்குரிய நடவடிக்கையை என்மீது எடுத்துக்கொள்ளுங்கள், அவர்மீது வேண்டாம். பாஸ்போர்ட்டில் அவர் பிறந்த நாள் 17.5.1984. அந்த ஆண்டின் நாட்காட்டியைப் பார்த்தால் வியாழன் என்று தெரியும். எபோ மாமாவை எந்த நாளும் விசாரணைக்கு அழைக்கலாம். இரண்டு பெயரும் அவர் வைத்தவையே. சான்றுகளைத் திருத்தவும், 30-ஆம் தேதிக்குள் அனுமதியைப் புதுப்பிக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறேன்.

8. புதிய படிவம் இத்துடன் உள்ளது. குழந்தைகள் என்ற கட்டத்தை எசியே பென்சிலால் நிரப்பினாள். தன் பெயரும் தம்பி பெயரும் எழுதிய பிறகு, இடம் இல்லாமல் ஓரத்தில் 'நாங்கள் இருக்கிறோம்' என்று சேர்த்திருக்கிறாள். விதிப்படி மையால் எழுத வேண்டும் என்று தெரியும். அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை.

இடம்: அன்க்வாம் கரை
நாள்: 9.9.2024

இப்படிக்கு,
எஃபுவா பென்ட்சில்
(எசி, கோஜோ ஆகியோரின் தாய்)