மறுப்பு வராவிட்டால்

ஒடுகத்தூர்
4 நவம்பர் 2025

அன்புள்ள ஹெலன்,

நலமா? குழு மடலில் எழுதினால் இருநூறு பேர் படிப்பார்கள். அதனால் இதைத் தனியாக எழுதுகிறேன்.

பள்ளிக்கூடக் கணினிகளுக்காக நாமெல்லாம் சேர்ந்து செய்யும் ‘நுணா’ லினக்ஸ் இயங்குதளம் பொங்கலுக்கு வெளிவர வேண்டும் என்று தேதி குறித்தவர் நீங்கள். நவம்பர் பத்துக்குமேல் புதிதாக ஒன்றும் சேர்க்கக் கூடாது, பிழை திருத்தலாம், அவ்வளவுதான் என்றும் கறாராக எழுதிவிட்டீர்கள். அதற்கு நான் எழுதும் தமிழ் விசைப்பலகை நிரல் பாதியில் நிற்கிறது. நிலத்தில் வேர்க்கடலை பிடுங்குகிறோம், கையெல்லாம் மண். ஒரு வாரம் தள்ளி வைக்கக் கூடாதா?

சாயங்காலம் மலையிலிருந்து பனி இறங்கும்போது மடிக்கணினியோடு வரப்பில் உட்காருகிறேன். அங்கேதான் சிக்னல் கிடைக்கிறது. உங்கள் மடல்கள் ஒவ்வொன்றாக வந்து விழுகின்றன. இந்த மூன்று வருடப் பழக்கத்தில் உங்களை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, குரல்கூடக் கேட்டதில்லை. ஆனாலும் பக்கத்து வரப்பில் நீங்கள் உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கிறது. உளறுகிறேன், மன்னியுங்கள்.

அன்புடன்,
நவநீதன்

*

ஆம்பூர்
6 நவம்பர் 2025

அன்புள்ள நவநீதன்,

ஒரு வாரமா? ஒரு நாள்கூடக் கிடையாது! ஷூ கம்பெனியில் டிசைன் பிரிவில் இருக்கிறவளிடம் தேதியைத் தள்ளச் சொல்கிறீர்களே. கப்பல் போய்விட்டால் ஷூவைத் தலையில் சுமந்துகொண்டா போவோம்? பத்தாம் தேதி என்றால் பத்தாம் தேதிதான்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பனியைக் கம்பெனி பஸ்ஸில் படித்தேன். கண்ணைத் திறந்தபடியே கனவு கண்டிருக்கிறேன் போல. என் ஸ்டாப் போய், அடுத்த ஸ்டாப்பும் போய், டிரைவர் தபரேஸ் அண்ணன், “இன்னாம்மா, வீட்டுக்குப் போற எண்ணம் இல்லியா?” என்றார். உண்மையிலேயே இல்லை.

போன ஞாயிறு ஆற்காட்டிலிருந்து என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். நான் வாயே திறக்கவில்லை. “பொண்ணு ஒண்ணுமே சொல்லலையே?” என்றார் மாப்பிள்ளையின் அத்தை. “அதான் சம்மதம்” என்றாள் அம்மா. எல்லோரும் சிரித்தார்கள், அவர்கள் கொண்டுவந்த மக்கன் பேடாவைச் சாப்பிட்டார்கள். இருபத்து மூன்றாம் தேதி நிச்சயதார்த்தம்.

விசைப்பலகையை அனுப்புங்கள்.

அன்புடன்,
ஹெலன்

*

ஒடுகத்தூர்
9 நவம்பர் 2025, மாலை ஆறு மணி

அன்புள்ள ஹெலன்,

விசைப்பலகை முடிந்தது, அனுப்பிவிட்டேன். இரண்டு நாளாக நிலத்துப் பக்கமே போகவில்லை. அம்மா திட்டித் தீர்த்துவிட்டாள்.

நிச்சயதார்த்தம் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நேராகக் கேட்கத் தைரியமும் இல்லை. நம் குழுவில் எதையும் கேட்கிற மாதிரியே கேட்டுவிடுகிறேன்.

முன்மொழிவு: ஹெலனும் நவநீதனும் திருமணம் செய்துகொள்ளலாம். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் மறுப்பு வராவிட்டால் ஏற்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

நீங்கள் சர்ச், நாங்கள் கோயில். தெரியும். அம்மாவிடம் சொல்லிவிட்டேன். “அந்தப் பொண்ணு கடலை பிடுங்குமா?” என்று மட்டும் கேட்டாள்.

உங்கள்
நவநீதன்

*

ஆம்பூர்
12 நவம்பர் 2025, பகல் ஒரு மணி

அன்புள்ள நவநீதா,

இன்னும் ஐந்து மணி நேரம் மிச்சமிருக்கிறது. மறுக்கிறேன்.

மறுப்பவர் காரணமும் மாற்று வழியும் எழுத வேண்டும் என்பது நம் குழுவின் விதி. எழுதுகிறேன்.

காரணம்: இருநூறு பேரிடமும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தால் நுணா எந்தப் பொங்கலுக்கும் வராது. அங்கே பேசாமல் இருந்தால் சரி என்று எடுத்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்குமா? அம்மா செய்ததையேதான் நீயும் செய்தாய். நான் வாயைத் திறக்காமலே என் சம்மதத்தை வாங்கப் பார்த்தீர்கள் இரண்டு பேரும். மூன்று நாளாக அழுகை அழுகையாக வருகிறது. பாதி ஆத்திரத்தில், மீதி சந்தோஷத்தில்.

நேற்று சாப்பிடும்போது, “எனக்கு ஆற்காட்டு மாப்பிள்ளை வேணாம்மா” என்றேன். தம்பி ஆல்வின் டி.வி.யை நிறுத்திவிட்டான். “இத்தினி நாள் இன்னாடி பண்ணிக்கினு இருந்தே?” என்று அம்மா கத்தினாள். அதற்குப் பிறகு என்னோடு பேச்சே இல்லை. நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மாற்று வழி: ஞாயிறு சர்ச் முடிந்ததும் பதினோரு மணிக்கு ஆம்பூர் ஸ்டேஷனுக்கு வந்துவிடுவேன். நீயும் வா. மடிக்கணினியைக் கொண்டுவராதே. என் எதிரே நின்று உன் வாயால் கேள். என் வாயால் பதில் சொல்கிறேன். என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். தெரிந்தாலும் கேள்.

ஹெலன்