ஏழு வரிசை வாதுமை

வால்தேசெர்ரோ, லா மாஞ்சா, ஸ்பெயின்
10 பிப்ரவரி 2008

லியோனில் இருக்கும் தங்கை ஒப்துலியாவுக்கு, அண்ணன் கசில்தோ சொல்லச் சொல்ல தபால்காரி நியெவெஸ் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். என் முழங்கால் மட்டும் சுகமில்லை.

பட்டணத்திலிருந்து ஒருவன் வந்தான். வாதுமைத் தோப்பில் சோலார் தகடு நட்டால், அதில் வரும் கரண்டுக்கு இருபத்தைந்து வருஷம் அரசாங்கம் நல்ல விலை கொடுக்குமாம். "யாரு சொன்னது?" என்றேன். "அரச ஆணை, தாத்தா. ராஜாவே கையெழுத்துப் போட்டிருக்காரு," என்றான். முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒருதரம் கேட்டால் எனக்கு மறக்காது, உனக்குத் தெரியும். ராஜா கையெழுத்தை யார் அழிப்பது?

வங்கி கடன் தருகிறது. தோப்பு நம் இருவர் பெயரிலும் இருப்பதால் உன் கையெழுத்தும் வேண்டும். என் பங்கு மரங்களை மட்டும்தான் எடுப்பேன். பங்கு பிரிக்கச் சீட்டுக் குலுக்கியதில் உனக்கு விழுந்த ஏழு வரிசை அப்படியே இருக்கும். செப்டம்பரில் வழக்கம்போல உன் வாதுமை மூட்டை வரும்.

கசில்தோ (பெருவிரல் ரேகை)


லியோன்
2 மார்ச் 2008

அன்புள்ள அண்ணா,

கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ராஜாவை எனக்குத் தெரியாது, உன்னைத் தெரியும்.

என் வரிசைகளைத் தொடாதே. என் வீட்டுக்காரர் போன பிறகு இங்கே எனக்கு யாரும் இல்லை. ஓரிரு வருஷத்தில் வந்து, அந்த ஓரத்துக் கல்குடிசையில் இருந்துவிடலாம் என்று எண்ணம். என் பங்கில் உள்ள கசப்பு மரத்தையும் வெட்டாதே. அது எனக்கு விழுந்தபோது நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. வருஷா வருஷம் மூட்டையில் நாலைந்து கசப்புக்கொட்டை கலந்து வந்துவிடும். கடித்ததும், "துப்புடி, துப்பு" என்று அம்மா கத்துவது கேட்கும்.

முழங்காலில் சூடாக ஒத்தடம் கொடு.

உன் ஒப்துலியா


வால்தேசெர்ரோ
17 நவம்பர் 2013

தங்கச்சி,

புது ஆணை வந்திருக்கிறது. பழைய விலை இனி கிடையாதாம். நியெவெஸ் படித்தாள். "இருபத்தஞ்சு வருஷம்னுல்ல இருந்துச்சு," என்று பழையதை வரி தவறாமல் சொல்லிக் காட்டினேன். "நீங்க சொல்றது சரிதான் பெரியவரே. ஆனா இதுலயும் ராஜா கையெழுத்துதான் இருக்கு," என்றாள்.

தகடு வைத்த எங்களுக்குக் கொடுத்துக் கொடுத்துத்தான் ஊர் மின்கட்டணம் ஏறியதாம். காபிக்கடையில் ஃபாவுஸ்தோ, "வாங்க சூரிய மகாராஜா, என் கரண்டு பில்லையும் கட்டிட்டுப் போங்க," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

தகடுகள் நன்றாகத்தான் வேலை செய்கின்றன. புகை இல்லை, சத்தம் இல்லை. அடியில் களைக்கொல்லி அடிக்கிறார்கள், புல் இல்லை. கௌதாரி வருவதில்லை. பிப்ரவரியில் பூ இல்லாததால் தேன்காரன் பெட்டிகளை வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டான். மழை பெய்தால் மண் கரைந்து சாலைக்கு வந்துவிடுகிறது.

தவணை கட்ட முடியவில்லை. வங்கி தோப்பை எடுத்துக்கொள்கிறது, உன் பங்கையும் சேர்த்து.

இன்னொன்று. உன் ஏழு வரிசை இல்லை. தகட்டில் நிழல் விழும் என்றார்கள். என் மரங்களைப் பிடுங்கிய அன்றே அவற்றையும் பிடுங்கியாயிற்று. குடிசை இருந்த இடத்தில் மின்பெட்டி நிற்கிறது. உனக்கு அனுப்பிய ஆறு மூட்டையும் சந்தையில் வாங்கியவை.

நியெவெஸ் பேனாவை வைத்துவிட்டாள். எழுது என்றேன்.

கசில்தோ (பெருவிரல் ரேகை)


லியோன்
8 டிசம்பர் 2013

அண்ணா,

கடிதம் கிடைத்தது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது.

முதல் மூட்டையிலேயே எனக்குத் தெரியும். அடிவரை தின்று பார்த்தேன், இரண்டு மாதம் ஆனது. ஒன்றுகூடக் கசக்கவில்லை. அடுத்து வந்தவற்றையும் அப்படியே தின்று பார்த்தேன்.

வருகிறேன் என்றவள் ஏன் வரவில்லை என்று நீ ஒருதரமும் கேட்கவில்லை.

வங்கிக்கு என் கையெழுத்து வேண்டுமானால் காகிதத்தை அனுப்பு, போட்டுத் தருகிறேன். மூட்டை இனி வேண்டாம்.

நியெவெஸ் அம்மா, இதை அண்ணனுக்கு ஒருதரம் படித்துக் காட்டினால் போதும். அவருக்கு மறக்காது.

ஒப்துலியா