டிரைவரும் கிளீனரும் மாட்டாஸ்பத்திரிக்குப் போனது

கும்மிடிப்பூண்டி
ஞாயிறு, இரண்டாம் பூசை முடிந்து

அன்பு மகள் ஏஞ்சலுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடும், உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மடத்து மதரோடும் இருப்பதாக. இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் பூனைகள் இரண்டும் உயிரோடு இருக்கின்றன. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீ கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் முதல் பக்கத்துக்கு வருவாய். உன் பழக்கம் எனக்குத் தெரியாதா?

உன் கடிதம் வந்தது. நலமாக இருக்கிறேன், ஜெபத்தில் நினைக்கிறேன், பூனைகள் சாப்பிடுகின்றனவா என்று கேட்டிருந்தாய். அவ்வளவுதான். அம்மா தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். உறைக்குள் விரலை விட்டுத் துழாவினாள். மடத்தில் சேர்ந்த புதிதில் பக்கம் பக்கமாக எழுதுவாய். விடியலில் யார் மணி அடித்தார்கள், கஞ்சியில் யார் உப்பை மறந்தார்கள் என்பது வரை வரும். இப்போது மூன்று வரி. மே மாதம் முதல் வார்த்தைப்பாடு கொடுத்துக் கன்னியாஸ்திரீ ஆகப்போகிற பிள்ளை, படிப்பும் ஜெபமும் கூடியிருக்கும் என்று நான் சொன்னேன். அம்மா உறையை மறுபடி எடுத்து உதறிப் பார்த்தாள்.

பூனைக் கதைக்கு வருகிறேன். மதருக்கும் புரியட்டும் என்று கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன். எங்கள் ஆலைக்கு ஆந்திராவிலிருந்து வந்த பழைய இரும்பு லோடில் இரண்டு குட்டிகள் கிடந்தன. எந்தச் சீட்டும் இல்லாமல் எளாவூர் செக்போஸ்ட்டைத் தாண்டி வந்தவை. இரண்டும் செவலை. முடி புசுபுசுவென்று இருந்தவனுக்கு டிரைவர் என்றும், மழமழவென்று இருந்தவனுக்குக் கிளீனர் என்றும் என் மகள்தான் பெயர் வைத்தாள். மடத்துக்குக் கிளம்பும்போது, அப்பா, ரெண்டு பேரையும் பட்டினி போடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இந்தத் திருநீற்றுப் புதன் அன்று டிரைவர் சாப்பாட்டை விட்டான். குடும்பத்தில் ஒருவனாவது ஒழுங்காக நோன்பு இருக்கிறானே என்று கேலி செய்தேன். மறுநாளும் கொஞ்சம் பாலை நக்கியதோடு சரி. மீன் தட்டை மோந்து பார்ப்பான், வாயைத் திறப்பான், அப்படியே மூடிக்கொண்டு போய்விடுவான். முன்னங்காலால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுது கண்ணைத் துடைக்கிறான் என்றாள் அம்மா. பழவேற்காட்டிலிருந்து மீன் கொண்டுவரும் கங்கம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவனைப் பார்த்தாள். "பாப்பா போன ஏக்கம்ணா. வாயில்லா ஜீவன், வேற இன்னா பண்ணும்?" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

நாங்கள் அதை அப்படியே நம்பினோம். நீ போய் ஒன்றரை வருடம் கழித்தா ஏக்கம் வரும் என்று யோசிக்கும் புத்தி எங்கள் இருவருக்கும் இல்லை. எங்களுக்கு அந்தக் காரணம் பிடித்திருந்தது என்று வைத்துக்கொள்ளேன். உன்னை நினைத்து வீட்டில் வெளிப்படையாகப் பட்டினி கிடக்க ஒருவனாவது இருக்கிறானே என்று அம்மாவுக்கு ஓர் ஆறுதல்.

திங்கட்கிழமை நைட் ஷிப்ட் முடிந்து வந்தேன். காபிக்குப் பதிலாக அம்மா மார்க்கெட் கூடையை நீட்டினாள். "இன்னாங்க, இன்னிக்கு மாட்டாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போலன்னா அது செத்துடும். புள்ளைக்கு இன்னா பதில் சொல்வீங்க?" என்றாள். நாஷ்டாவை மறந்துவிட்டுக் கூடையை வாங்கிக்கொண்டேன்.

பூனைகளுக்கு எப்படித்தான் தெரிகிறதோ! கூடை சமையலறையை விட்டு வெளியே வந்ததுமே இரண்டும் மாயம். சிலிண்டருக்குப் பின்னால் பார்த்தேன், வாஷிங் மெஷினுக்கு அடியில் பார்த்தேன். கடைசியில் பரண் மேலிருந்து ஒரு சத்தம். ஆலையில் இரண்டு டன் கம்பிச் சுருளைக் கிரேனில் தூக்கி, முட்டையை வைப்பது போல லாரியில் இறக்குகிறவன் உன் அப்பன். மூன்று கிலோ பூனைக்காக, வேலைக்குப் போடும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினேன். கண்ணாடியைக் கீழேயே மறந்துவிட்டேன். கிறிஸ்துமஸ் குடில் சாமான் பெட்டி திறந்து கிடந்தது. ஆடுகளும் மூன்று ராஜாக்களும் நாலா பக்கமும் சாய்ந்து கிடக்க, நடுவில் புசுபுசுவென்று ஒரு செவலை. புசுபுசு என்றால் டிரைவர்தானே? துண்டைப் போட்டு அமுக்கி, சுருட்டி, கூடைக்குள் அடைத்துக் கயிறு கட்டினேன். துண்டுக்கு மேலே தெரிந்த நெற்றியில் அம்மா பயபக்தியோடு சிலுவை அடையாளம் போட்டாள். வெளியூர் போகிற பிள்ளைக்குப் போடுவது போலவே.

துளசிராமன் ஆட்டோவில் நானும் கூடையும் போனோம். வழியெல்லாம் கூடைக்குள்ளிருந்து வந்த வசவுகளை மதர் படிக்கும் கடிதத்தில் எழுத முடியாது. "அண்ணே, உள்ள பூனையா, வேற எதுனாவா?" என்று அவர் இரண்டு தடவை வண்டியை ஓரம் கட்டிக் கேட்டார். ஆஸ்பத்திரியில் எனக்கு முன்னால் ஒரு கன்றுக்குட்டி, சில ஆடுகள், ஒரு சேவல். எங்கள் ஆள் போட்ட சத்தத்தில் கன்றுக்குட்டி கயிற்றை இழுத்துக்கொண்டு வாசலுக்கே போய்விட்டது. சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார். டிரைவர் என்றேன். "ஆட்டோ டிரைவர் பேரு வேணாம் சார், பூனை பேரு சொல்லுங்க" என்றார். விளக்கிச் சொல்லி முடிப்பதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது.

டாக்டர் பூமிகாவுக்கு உன் வயதுதான் இருக்கும். சில நாளாகச் சாப்பிடவில்லை என்று நான் அடித்துச் சொன்னதால், துண்டோடு சேர்த்து நான் பிடித்துக்கொள்ள, பசி எடுக்க ஓர் ஊசி போட்டார். பூனையின் ஆத்திரம் கொஞ்சம் அடங்கிய பிறகு துண்டை விலக்கி வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "சாப்பிடலன்னு சொன்னீங்களே சார், வயிறு ஃபுல்லா இருக்கே?" என்று முதுகைத் தடவினார். புசுபுசு அவர் கையோடு வந்துவிட்டது! குடிலில் பனிக்காக நீ ஒட்டிய பஞ்சு, மகளே. பழைய பசையும், தூசியில் செம்மண் நிறமாகிவிட்ட பஞ்சுமாகக் கிடந்த பெட்டிக்குள் உருண்டு புரண்டு, கிளீனர் டிரைவர் வேஷத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறான். கையுறை போட்ட எனக்கு முடியும் பஞ்சும் ஒன்றாகத்தான் இருந்தது. ஆடு கொண்டு வந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். டாக்டரம்மாவும் சிரித்துவிட்டு, டிரைவரை மறுநாளே கொண்டுவரச் சொன்னார். ஏற்கெனவே தின்னிப்பண்டாரமான கிளீனர், அந்த ஊசியின் புண்ணியத்தில் வீட்டுக்கு வந்து டிரைவரின் தட்டையும் சேர்த்து வழித்தான். "வளத்த புள்ளைங்களுக்குள்ளயே அடையாளம் தெரியலியா?" என்று உன் அம்மா அன்று முழுவதும் என்னைப் பேஜார் பண்ணினாள்.

நிஜ டிரைவர் உன் அறையில், கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகச் சுருண்டு கிடந்தான். கூப்பிட்டால் கண்ணை மட்டும் திறந்தான். முதுகெலும்பை எண்ணிவிடலாம் போல இருந்தது. எனக்கு அப்போதுதான் உண்மையிலேயே பயம் வந்தது. கட்டிலை நகர்த்தினால் பயந்து ஜன்னல் வழியாக ஓடிவிடுவான், ஓடினால் திரும்பி வரத் தெம்பில்லை.

மறுநாள் காலை அம்மா உன் பச்சைச் சுடிதாரை எடுத்தாள். கிளம்புகிற அன்று நீ கழற்றிப் போட்டது. அதைத் துவைக்காமல் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். உன் வாசனைக்கு வருவான் என்று அவள் கணக்கு. தானே போட்டுக்கொள்ளப் பார்த்தாள்; தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை. நான் சிரித்தேன், அவள் முறைத்தாள். பிறகு துப்பட்டாவை மட்டும் போர்த்திக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். நான் கூடையோடு கதவுக்குப் பின்னால் நின்றேன். ரொம்ப நேரம் கழித்து அவன் மெல்ல ஊர்ந்து வந்தான். துப்பட்டாவை மோந்தான். அவள் மடியில் ஏறி முகத்தைப் புதைத்துக்கொண்டான். பூனைகளைக் காலால்கூடத் தொடாத உன் அம்மா, அவனை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். கூடையை நீட்டினேன். "இருங்க, கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றாள். அப்புறம் அழுதாள். நானும் அழுதேன். இதில் மறைக்க என்ன இருக்கிறது?

இந்தத் தடவை கையுறை இல்லாமல்தான் பிடித்தேன். டாக்டரம்மா முதல் வேலையாக அவன் வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். மேல் அண்ணத்தில், பல்லுக்கும் பல்லுக்கும் குறுக்கே, ஒரு மடவை மீன் முள். கங்கம்மா கொடுத்த மீன், நான் என் தட்டிலிருந்து போட்ட துண்டு. முகத்தைத் துடைத்தது அழுகை இல்லை, முள்ளைத் தட்டிவிடப் பார்த்திருக்கிறான். இடுக்கியால் அதை எடுக்கிற நேரத்தில் என் கட்டைவிரலைக் கடித்தான். "ஏக்கம் இல்ல சார், முள்ளு. வாயத் தொறந்து பாத்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்" என்றார் அந்தப் பெண். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

அன்று சாயங்காலமே மசித்த மீனைச் சாப்பிட்டான். கடி வாங்கியதற்கு எனக்கும் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். வீட்டு ஆண்பிள்ளைகளில் ஊசி போடாதவன் இப்போது டிரைவர் மட்டும்தான். கங்கம்மா மட்டும் இன்னும் ஏக்கம்தான் என்று சாதிக்கிறாள்.

ஏஞ்சல், அன்று சாயங்காலம் உன் கடிதத்தை மறுபடி எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அந்த மூன்று வரியையும் ஜெப ஆர்வம், படிப்புப் பளு என்று நான்தான் எனக்குப் பிடித்த மாதிரி அர்த்தம் பண்ணிக்கொண்டேன். பூனைக்கு ஏக்கம் என்று சொன்ன அதே வாய்தானே இது? டிரைவருக்குச் சொல்லத் தெரியாது. உனக்குத் தெரியும். அங்கே எது குத்துகிறது, மகளே? வெறும் களைப்பு என்றால் களைப்பு என்று எழுது. வார்த்தைப்பாட்டை நினைத்தால் பயமாக இருக்கிறது என்றால் அதை எழுது. அதெல்லாம் இல்லை, நீங்களாகக் கற்பனை செய்யாதீர்கள் என்றால், நாலு பக்கத்துக்குத் திட்டி எழுது. பங்குக் கோயிலில் மாலை போட்டு வழியனுப்பினார்களே, தெருமுனையில் உன் படத்தோடு ஃபிளெக்ஸ் போர்டு வைத்தார்களே என்று மட்டும் யோசிக்காதே. அந்த போர்டு வெயிலில் எப்போதோ வெளுத்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் அதைக் கோழிக்கூண்டின் மேல் போட்டிருக்கிறார்.

மதர் அவர்களே, நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன். பிள்ளையை உங்களிடமிருந்து இழுக்கவில்லை. பக்கத்தில் இருப்பவர் நீங்கள். ஒருநாள் உட்காரவைத்து என்ன என்று கேளுங்கள்.

அம்மா உன் துப்பட்டாவைத் துவைத்துவிட்டாள். பூனை முடி ஒட்டியிருந்ததாம். மடித்து உன் அலமாரியிலேயே வைத்திருக்கிறாள்.

நீ கிளம்பிய அன்று ஸ்டேஷனில் ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னலோடு கூடவே ஓடிவந்து உன் நெற்றியில் அவசரமாகச் சிலுவை போட்டேன், நினைவிருக்கிறதா? அது போவதற்குப் போட்டது. மே மாதம் நீ பீடத்தின் முன்னால் முழங்காலில் நின்றால், அந்த ஆசீர் உன்னோடு எப்போதும் இருக்கட்டும், முதல் வரிசையில் நானும் அம்மாவும் இருப்போம். நீ வீட்டுக்கே திரும்பினாலும் சரி, வருவதற்குப் போட வேண்டிய சிலுவையையும் நான் கையிலேயே வைத்திருக்கிறேன், மகளே. அது அவசரமாக இருக்காது. ரயில் நின்ற பிறகு, நிதானமாகப் போடுவேன்.

உன் பதிலை எதிர்பார்க்கும்
அப்பா இம்மானுவேல்

(அம்மா ஹெலன் பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்: மூன்று வரி எழுதினால் வாங்க மாட்டாளாம்.)